வெறும் வயிறு

மாத்திரை தொண்டையைத் தாண்டி இறங்கிவிட்டது. இனி ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். சோணைமுத்து தம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, கட்டிலை விட்டு இறங்காமல், கம்பளியைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே இன்னும் முழுசாக விடியவில்லை. சித்திரை மாதம். செல்லூர்ச் சந்து முழுக்க ஆட்கள் வெற்று உடம்போடு மொட்டை மாடியில் புரண்டுகொண்டிருக்கிறார்கள், அவர் ஒருத்தர்தான் கம்பளிக்குள் இருக்கிறார். காபி கூடாது, டீ கூடாது, ஒரு பிஸ்கட் கூடாது. முன்பெல்லாம் இப்படி ஒரு மணி நேரம் அவர் வாழ்க்கையில் இருந்ததே இல்லை. எழுந்தோம், காபி குடித்தோம், முக்குக் கடைக்குப் போய் உட்கார்ந்தோம் என்று போய்விடும். இப்போது தினமும் காலையில் யாரோ ஒரு காலி டப்பாவைக் கையில் கொடுத்து இதை நிரப்பு என்று சொல்வது போல இருக்கிறது. நிரப்ப வருகிற நினைப்பு எதுவும் நல்ல நினைப்பாக வருவதில்லை. இன்றைக்கு நினைப்பு வருவதற்கு முன்னால் வலி வந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே, மேல்வயிற்றில், உள்ளங்கை அகலத்துக்கு. முதலில் அதை வலி என்றே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை இறங்குகிறது என்று நினைத்தார். கடுகுக்குக் கொஞ்சம் பெரிய மாத்திரை, அது இறங்குவதா தெரியப்போகிறது. பசியாக இருக்கும். வாய்வாக இருக்கும். வாய்வு என்றால் ஏப்பம் வர வேண்டும். ஏப்பத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. வலி மட்டும் புதுசாகக் குடிவந்தவன் வீட்டைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி அங்கே இங்கே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் முன்னறையில் பஞ்சவர்ணம் ஃபேனுக்கு நேர் கீழே பாயில் படுத்திருக்கிறாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடத்தான் முடியாது. பேரனுக்குக் காது குத்திய அன்றிலிருந்து பெண்டாட்டியோடு அவருக்குப் பேச்சு இல்லை.

டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. வரக் கூடாது என்று நினைத்தார், அதனாலேயே வந்தது. அவர் மகள் வயசு கூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பக் காகிதத்தைப் பார்த்தாள். “அய்யா, உங்க ரத்தத்துல கொழுப்பு ரெண்டு வகையும் கூடக் கிடக்கு. ஒண்ணு நெஞ்சுக்கு ஆகாது. இன்னொண்ணு இவ்வளவு கூடிருச்சுன்னா வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இருக்கு, அது வெந்து போயிரும்” என்றாள். வெந்து போயிரும். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குள் தங்கியது, மற்றதெல்லாம் பஞ்சவர்ணம் கேட்டுக்கொண்டாள். ஈரல் தெரியும், குடல் தெரியும், சுவரொட்டி தெரியும், ஆட்டுக்குள் இருக்கிற எல்லாமே அவருக்குத் தெரியும், கணையம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரியாத ஒன்று தனக்குள் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறது, அது வெந்தாலும் தெரியாது. “மேல்வயித்துல வலி வந்து முதுகுக்குப் பாஞ்சா உடனே வந்துருங்க. ஓமத்தண்ணி, கஷாயம்னு வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் தேவலாம் மாதிரி இருக்கும், அத வச்சு ஏமாந்துறாதீங்க.” அவர் தலையை ஆட்டினார். அப்போது வலி இல்லை, தலையை ஆட்டுவது சுலபமாக இருந்தது. அதற்கு முன்னால் ரத்தம் எடுத்த இடத்தில் நடந்ததைத்தான் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ரிசல்ட்டுக்காக வெளியே காத்திருந்தவரை ரத்தம் எடுத்த பெண் திரும்பக் கூப்பிட்டு, “நேத்து ராத்திரி என்ன சாப்ட்டீங்க?” என்று கேட்டாள். கையில் சின்ன கண்ணாடிக் குழாய். அடியில் சிவப்பு இருந்தது, கெட்டியாக, கருப்பாக. அதற்கு மேலே பால். பாலேதான். ஆட்டுக்கால் சூப்பை ஆற வைத்தால் மேலே ஓர் ஆடை கட்டுமே அப்படி. அது தன்னுடையது என்று நம்ப அவருக்கு நேரம் பிடித்தது. ரத்தம் சிவப்பு என்று நம்பித்தான் அறுபத்து மூன்று வருஷம் இருந்திருக்கிறார். கையில் வெட்டுப்பட்டால் சிவப்பாகத்தானே வந்தது, அந்தச் சிவப்புக்குப் பின்னால் இது ஒளிந்துகொண்டிருந்ததா. அன்றிலிருந்து புறங்கை நரம்பைப் பார்த்தால் உள்ளே பச்சையாக ஓடுவது எது என்று சந்தேகம் வந்துவிடுகிறது. இப்போதும் பார்த்தார். அரை வெளிச்சத்தில் நரம்பு கயிறு மாதிரி புடைத்துக் கிடந்தது. உள்ளே என்ன ஓடுகிறதோ.

குளிர் அடித்தது. குளிரைப் பற்றி நினைத்தால் வலியைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை என்று அவர் அந்தப் பக்கம் போனார். ஐஸ் கம்பெனியில் பார் தூக்கியவருக்குக் குளிர் என்றால் ஊரே சிரிக்கும். சிரிக்கத்தான் செய்தது. தோளில் சாக்கு, அதன் மேல் ஐஸ் பார், முதுகு வழியாக ஒழுகுகிற தண்ணீர், வெறுங்காலுக்கு அடியில் ஈரத்தரை. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. மீன் மார்க்கெட் வண்டிக்காரன்கள் “சோணைக்கு உடம்புல எங்கிட்டோ அடுப்பு எரியுதுய்யா” என்பார்கள். அப்போது குளிர் வெளியே இருந்தது. இப்போது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. குரல் தடித்துப்போனது, போனில் மகளே “யாரு பேசுறது?” என்று கேட்டாள். முகம் தூங்கி எழுந்த முகமாகவே உப்பிக் கிடந்தது. புருவத்தின் ஓரம் உதிர்ந்தது. மாடி ஏறினால் தொடை, யாரோ கட்டையால் அடித்த மாதிரி வலித்தது. ஒரு பேச்சைத் தொடங்கினால் நடுவில் என்ன சொல்ல வந்தோம் என்பது போய்விடும், எதிராளி காத்திருப்பான், அந்தக் காத்திருப்பைப் பார்க்கவே அவமானமாக இருக்கும். வயசாகிறது என்று நினைத்தார். தைராய்டு என்றார்கள். பெண்டாட்டியின் தம்பி தவமணி அன்றைக்கே வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து சிரித்தான். “தைராய்டா? அது பொம்பளைகளுக்குல்ல மச்சான் வரும்? உங்களுக்கு எப்பிடி? நல்லாப் பாத்தாய்ங்களா, சீட்டு மாறிப் போயிருக்கப் போகுது.” அதை அவர் மறக்கவில்லை. அவர் எதையும் மறப்பதில்லை. சுரப்பி கெட்டு எத்தனையோ மறந்து போயும் இந்த மாதிரி விஷயம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. கழுத்தில் இருக்கிற அந்தச் சுரப்பி படுத்துக்கொண்டால் உடம்பு மொத்தமும் மெதுவாகிவிடும், தின்ற கொழுப்பு கரையாமல் ரத்தத்திலேயே நின்றுவிடும், அதனால் முதலில் அதை எழுப்ப வேண்டும், அது எழுந்தால்தான் கொழுப்பு மாத்திரையும் ஒழுங்காகக் கேட்கும் என்று டாக்டரம்மா சொன்னாள். இரண்டு வருஷமாக எழுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மாத்திரையைக் கூட்டினார்கள். அது எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: “வெறும் வயித்துலதானே போடறீங்க?” “வெறும் வயித்துலதாம்மா.” “தண்ணி குடிச்சா?” “இல்லம்மா, காபிலதான்.” “காபியா?” பஞ்சவர்ணம் பக்கத்தில் இருந்து பெருமையாகச் சொன்னாள், “ஆமா டாக்டர், பத்து மணி வரைக்கும் ஒண்ணுமே சாப்பிட மாட்டாரு, வெறும் காபி மட்டுந்தான்.” டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “காபி குடிச்சா அது எப்படிம்மா வெறும் வயிறு?” காபி சாப்பாடு இல்லையே. வீட்டுக்கு வந்தவரிடம் சாப்ட்டீங்களா என்று கேட்டால், இல்லை, காபி மட்டும்தான் குடித்தேன் என்பார். எதுவும் சாப்பிடவில்லையே பாவம் என்று இலை போடுவோம். உலகத்தில் எல்லாரும் அப்படித்தானே. இரண்டு வருஷ மாத்திரையைப் பாலும் டிகாஷனும் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே விடாமல் அனுப்பிவிட்டன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே வந்ததும் அவர் பஞ்சவர்ணத்தைப் பார்த்துச் சொன்னார், “நீதானடி கலக்கிக் குடுத்த.” அவள் சொன்னாள், “குடிச்ச வாய் யாரு வாய்?” அப்போதெல்லாம் அப்படிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சண்டை, ஆனால் பேச்சு.

வலி ஒரு சுற்றுச் சுற்றி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு நிற்கவில்லை, அமுக்கியது. அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். காதுகுத்தை நினைத்தார். கோபம் வந்தால் வலி தெரியாது, கோபத்துக்கு அந்தச் சக்தி உண்டு என்று அவர் கண்டிருக்கிறார். கருப்பு கோயிலில் கிடா வெட்டி, பந்தி போட்டு, முதல் பந்தியில் தாத்தா என்று அவரை உட்கார வைத்தார்கள். இலையில் சோறு, வாளி வருகிறது, “நல்லி எலும்பாப் பாத்து வையிப்பா” என்கிறார், வைக்கிறான், குழம்பு சோற்றுக்குள் இறங்குகிறது. பின்னாலிருந்து ஒரு கை வந்தது. வளையல் கை. அவர் இலையிலிருந்து கறியை அள்ளியது. அள்ளி, பக்கத்து இலையில் போட்டது. பக்கத்து இலை தவமணியுடையது. “இவருக்குக் கறி வைக்காதீங்க, ரத்தத்துல கொழுப்பு” என்று பஞ்சவர்ணம் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். இலையில் வைத்ததை எடுக்கலாமா? நாய்க்கு வைத்ததைக் கூட ஒருத்தர் பிடுங்க மாட்டார்கள். தவமணி கறியைக் கடித்துக்கொண்டே சொன்னான், “ஏக்கா, மச்சானுக்குக் கொழுப்புன்னு உனக்கு இப்பத்தான் தெரியுமா? எங்களுக்கு அவரு பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரியும்.” பந்தி சிரித்தது. சம்பந்தகாரர்கள் சிரித்தார்கள். மகள் கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், அவர் பார்த்தார். கையைக் கழுவாமல் எழுந்தார். அன்றோடு சரி. வீட்டில் இரண்டே பேர், பேச்சு இல்லாமல் எப்படி நடக்கும் என்று கேட்கலாம். நடக்கும். அதற்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. அதில் நீ கிடையாது, நான் கிடையாது. சுவரைப் பார்த்துச் சொல்வது. “குளிக்கத் தண்ணி வச்சிருக்கு.” “ரேஷன்ல சீனி போடுறாகளாம்.” “கேஸ் தீந்துருச்சு போல.” யாருக்கு வைத்தது, யார் போக வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் அதில் கை தேர்ந்தவர். சொந்த அண்ணனிடமே அப்படி இருந்தவர். வடக்குச் சுவரில் ஜன்னல் வைத்ததில் வந்த பேச்சு, அதோடு நின்று போனது, அண்ணன் சாகிற வரை நின்றே இருந்தது. சுடுகாட்டில் மற்றவர்கள் அழுதபோது தான் ஜெயித்துவிட்டதாக அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் அதை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. அண்ணன் எதனால் செத்தான்? வயிற்று வலி என்றார்கள். ராத்திரி வலித்ததாம், காலையில் ஆஸ்பத்திரியாம், மறுநாள் முடிந்ததாம். என்ன வயிற்று வலி என்று அவர் கேட்கவில்லை, பேச்சு இல்லாத வீட்டில் போய் எப்படிக் கேட்பது. “உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படிக் கொழுப்பு, வயித்து வலின்னு இருந்துச்சா?” என்று டாக்டரம்மா கேட்டபோது இல்லை என்றுவிட்டார். இல்லை என்றுதானே தெரியும். இப்போது அந்த இல்லை வாயில் கசந்தது. அண்ணனும் ஒரே வயிற்றில் பிறந்தவன். அவன் ரத்தத்தை எடுத்து நிறுத்தி வைத்திருந்தால் அதிலும் மேலே பால் கட்டியிருக்குமோ.

கோபமும் உதவவில்லை. வலி இப்போது வயிற்றில் மட்டும் இல்லை. முதுகில் ஏதோ உறுத்துகிறது. கட்டில் சட்டமா? நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டம் படவில்லை, உறுத்தல் இருந்தது. இல்லை, இது முதுகு இல்லை, விலா. விலாதான். ராத்திரி ஒருக்களித்துப் படுத்ததில் பிடித்திருக்கும். ராத்திரி என்றதும் வேறு ஒன்று வந்தது. அதை அவர் காலையிலிருந்து கிட்டே விடாமல் துரத்திக்கொண்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குப் போனார். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவைக் குளம் கட்டச் சொல்லி, குடல் கறி ஒரு தட்டு, சுவரொட்டி ஒரு தட்டு. அதற்கு முன்னால் பக்கத்துச் சந்தில் ஒரு குவாட்டர். பசி இல்லை. ஆசை கூடப் பெரிதாக இல்லை, நாக்கு முன்னைப்போல ருசி பிடிப்பதும் இல்லை. ஒவ்வொரு வாயும் அவளுக்குப் பதில். இலையிலிருந்தா எடுத்தாய், இந்தா, இதை எடு. தவமணி இலையில் போடு. எண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது, அதை நக்கினார், அதுவும் பதில். வீட்டுக்கு வந்தபோது அவள் சுவரைப் பார்த்து, “கோதுமை ரவை உப்புமா மூடி வச்சிருக்கு” என்றாள். இவர் சுவரைப் பார்த்து, “பசி இல்லையாம்” என்றார். தன்னைப் பற்றியே யாரோ சொன்ன மாதிரி. படுத்தபோது வயிறு நிறைந்திருந்தது, மனசும் நிறைந்திருந்தது. அந்த எண்ணெய் இப்போது எங்கே இருக்கும். ராத்திரி முழுக்க அது குடலிலிருந்து கசிந்து நரம்புக்குள் வந்து, வெள்ளையாக, மெதுவாக, ஐஸ் கம்பெனித் தொட்டியில் தண்ணீர் ஓரத்திலிருந்து இறுகிக்கொண்டு வருமே அப்படி, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவில் ஒரு சின்ன ஓட்டைதான் பாக்கி என்கிற வரைக்கும். அந்த ஓட்டையும் அடைத்தால். வேர்த்தது. கம்பளிக்குள் கழுத்து நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை காலம் ஆயிற்று வேர்வையைப் பார்த்து. ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. மாத்திரை பிடிக்கிறது, காபி இல்லாமல் போட்டதும் பிடிக்கிறது, அடுப்பு பற்றிக்கொண்டது, சுரப்பி எழுந்துவிட்டது. நெற்றியைத் துடைத்துப் பார்த்தார். வேர்வை குளிர்ந்திருந்தது. இது அந்த வேர்வை இல்லை.

குனிந்து பார்க்கலாமா? குனிந்தால் தெரிந்துவிடும். வாய்வாக இருந்தால் குனியும்போது இன்னும் அதிகமாகத்தான் அமுக்கும். அதுவாக இருந்தால் குனிந்தால் தேவலாம் ஆகும். டாக்டரம்மா சொன்னது அப்படித்தானே. அல்லது மாற்றிச் சொன்னாளா? மாற்றிச் சொல்லியிருக்கக் கூடாதா. குனியாமல் இருக்கிற வரைக்கும் இது வாய்வுதான். சுவரில் முதுகைச் சாய்த்துப் பிடிவாதமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிர்ந்தால் கத்தி இறங்கியது. தாங்கினார். ஐஸ் பார் தூக்கிய முதுகு, தாங்கும். மாடியில் யாரோ இருமினார்கள். தறிச் சத்தம் இன்னும் தொடங்கவில்லை. குழாயடியில் முதல் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. பக்கத்துச் சந்து எலெக்ட்ரீசியன் இப்படித்தான் வாய்வு என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தான். சோடா பாட்டில் தலைமாட்டில் இருந்தது, அவனைக் கொண்டுபோன பிறகும் ரொம்ப நேரம் இருந்தது. எதற்கு இப்போது அவனை நினைக்க வேண்டும். மனசு நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுக்காதா என்று பேரன் முகத்தைத் தேடினார். மொட்டையடித்து, சந்தனம் பூசி, காதில் ரத்தப் பொட்டோடு அவன் அழுத முகம் வந்தது. அந்தப் பொட்டு சிவப்பாகத்தான் இருந்தது. அவனுக்காவது சிவப்பாகவே இருக்கட்டும். உடம்பு தானாகக் குனிந்தது. அவர் குனியவில்லை, உடம்பு குனிந்துகொண்டது. நெற்றி முழங்காலுக்குக் கிட்டே போனதும் கத்தி கொஞ்சம் வெளியே வந்தது. மூச்சு விட முடிந்தது. தேவலாம் ஆகிவிட்டது. தேவலாம் ஆனதுதான் அவரை நடுங்க வைத்தது. இவ்வளவு பயத்தோடு ஒரு சுகத்தை அவர் அனுபவித்ததே இல்லை. அப்படியே குனிந்த வாக்கில், தன் காலையே பார்த்துக்கொண்டு, இது வாய்வு இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

அப்போதுதான் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டது. பஞ்சவர்ணம் எழுந்துவிட்டாள். அடுப்படி விளக்கு எரிந்தது. பால் பாக்கெட்டின் மூலை வெட்டுப்பட்டது. சொல்லிவிட வேண்டியதுதான். எப்படிச் சொல்வது? குனிந்தபடியே வாக்கியத்தைத் தேடினார். “வயித்து வலி வந்திருக்காம்.” யாருக்கு வந்திருக்கிறதாம்? பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தால்? “ஆஸ்பத்திரிக்குப் போகணும் போல.” போ என்றுவிட்டால்? “மேல்வயித்துல வலிச்சு முதுகுக்குப் பாயுது.” இது சரி, இதில் நான் இல்லை, நீ இல்லை, டாக்டரம்மா சொன்ன அதே வார்த்தை, அவளுக்குப் புரியும். புரிந்ததும் கேட்பாள்: ராத்திரி என்ன சாப்பிட்டது? அதற்குப் பதில் சொன்னால் பந்தியில் அவள் எடுத்தது சரி என்று ஆகிவிடும். தவமணி சிரித்தது சரி என்று ஆகிவிடும். இத்தனை நாள் கட்டிக் காத்தது ஒரு வலியில் போய்விடும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். அண்ணனும் பொறுத்துத்தான் பார்த்திருப்பான். ராத்திரி வலித்ததாம், காலையில்தான் ஆஸ்பத்திரியாம். நடுவில் இருந்த அந்த நேரத்தில் அவன் யாரோடு பேச்சில்லாமல் இருந்தானோ. வாயைத் திறந்தார். காற்று வந்தது. தடித்துப்போன குரல் குனிந்த தொண்டையில் மாட்டிக்கொண்டு கனைப்பாக வெளியே வந்தது. கனைத்தால் காபி கேட்கிறார் என்று அர்த்தம், அது அவர்கள் வழக்கம். அடுப்படியிலிருந்து அவள் சுவரிடம் சொன்னாள், “ஒரு மணி நேரம் ஆகட்டும். டாக்டரு சொன்னது மறந்து போச்சு போல.” திரும்பக் கனைத்தார். “பால் இன்னும் பொங்கல.” மூன்றாம் தடவை கனைப்பும் வரவில்லை, வாய்க்குள் எச்சில் ஊறியது, வயிறு மேலே எழுந்தது, கட்டிலுக்குக் கீழே வாந்தி எடுத்தார். சால்னா வாடை அறை முழுக்கக் கிளம்பியது. மறைத்து வைத்தது எல்லாம் தரையில் கிடந்தது. பஞ்சவர்ணம் திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். கையில் கரண்டி. அவள் தரையைப் பார்த்தாள், அவர் குனிந்திருப்பதைப் பார்த்தாள். அவளும் அன்றைக்கு டாக்டரம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். தயார் செய்த வாக்கியம் எதுவும் அவரிடம் இல்லை. “எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

கரண்டி தரையில் விழுந்தது. “என்னய்யா செய்யுது? எங்க வலிக்குது? முதுகுக்குப் போகுதா?” என்று அவள் அவர் தோளைப் பிடித்தாள். அவர் தலையை ஆட்டினார். ஓம டப்பாவுக்காக அவள் கை தானாக அடுப்படிப் பக்கம் நீண்டது, பாதியில் நின்றது. “வேணாம். அந்த டாக்டரம்மா வேணாம்னுச்சு.” துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்தாள். “நேத்து சட்டைய மோந்து பாத்துட்டுத்தான்யா படுத்தேன். கேட்டா சுவருதான பதில் சொல்லும்னு கேக்கல. நான் கேட்டிருக்கணும்” என்றாள், திட்டுகிற குரலிலேயே. போனைத் தேடினாள். “தம்பிய வரச் சொல்றேன்.” “அவன் வேணாம்” என்றார். “வேற எவன் இந்நேரத்துக்கு வருவான்? மூணாவது வீட்டுல ஆட்டோ நிக்குது, ரோசம் பாக்குற நேரமா இது?” அவர் மறுபடி வேண்டாம் என்று சொல்ல நினைத்தார், வலி அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்கிற வாடை வந்தது, இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. தவமணி லுங்கியோடு, தலை கலைந்து, உள்ளே வந்தான். வாசற்படியில் அவன் வாயைத் திறப்பதை சோணைமுத்து குனிந்தபடியே ஓரக்கண்ணால் கண்டார். இப்போது சொல்லப் போகிறான். என்ன மச்சான், கொழுப்பு கூடிப்போச்சா என்று கேட்கப் போகிறான். கேட்கட்டும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தார். தவமணி விளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். “வாங்க மச்சான்” என்று மட்டும் சொல்லி, அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினான். மெதுவாகத் தூக்கினான், உடையக் கூடிய சாமானைத் தூக்குகிற மாதிரி. ஆட்டோவில் பஞ்சவர்ணம் ஒரு பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டாள், அவர் முன்னால் இருக்கிற கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தார். அவன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? எந்த வீட்டிலும், எந்த எழவிலும் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சிரிக்காமல் இருந்ததில்லையே அவன். தன் முகத்தில் அப்படி எதைப் பார்த்தான்? ஆட்டோ பாலத்தில் ஏறியது. “மாப்ள” என்றார். குரல் காற்றாக வந்தது. “சொல்லுங்க மச்சான்.” “என்ன ஒண்ணும் சொல்லாம வர்ற?” “ஒண்ணுமில்ல மச்சான். பேசாம வாங்க.” “இல்ல மாப்ள, ஏதாச்சும் சொல்லு.” கம்பியை இறுக்கிப் பிடித்தார். “கொழுப்பெடுத்தவன்னு சொல்லு. சிரிச்சுக்கிட்டுச் சொல்லு.” தவமணி திரும்பிப் பார்க்கவில்லை. ஆளே இல்லாத பாலத்தில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனான்.